ரெண்டு கட்டையில் ஒரு கூப்பாடு

எங்கள் குடும்பத்துக்கு ஆண்டவர் தொண்டையைத் தாராளமாகக் கொடுத்தார். காது கொடுக்கும் வரிசையில் நாங்கள் எங்கோ பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். என் அப்பா ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தமிழ்க் கோயிலில் இருபது வருஷம் கீர்த்தனை எடுத்துக் கொடுத்தவர். அவர் காலமானதும் அவருடைய கறுப்புக் கோட்டு, சைக்கிள் இரண்டோடும் சேர்ந்து அந்த வேலையும் எனக்கு வந்தது. கோட்டு எனக்குக் கொஞ்சம் பெரிது. வேலை அதைவிடப் பெரிது.

எடுத்துக் கொடுப்பது என்றால் இதுதான். இங்கிலீஷ் மெட்டுப் பாட்டாக இருந்தால் ஆர்மோனியம் முதலில் ஒரு வரி வாசிக்கும், சபை அதைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்க் கீர்த்தனைக்கு எங்கள் கோயிலில் அந்த வழக்கம் இல்லை. பாஸ்டர் ஐயா பாட்டின் எண்ணைச் சொன்னதும், ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து தன் இஷ்டத்துக்குப் பல்லவியை ஆரம்பிப்பார். இரண்டாம் அடியில் சபை சேரும். அவர் எந்தச் சுருதியில் ஆரம்பித்தார் என்று ஆர்மோனியம் தேடிக் கண்டுபிடித்து மூன்றாம் அடியில் வந்து சேரும். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான் சுருதியைச் சொல்வது வழக்கம். ஒரு கட்டை, ரெண்டு கட்டை, ரெண்டரைக் கட்டை என்று எண் ஏற ஏறக் குரலும் மேலே ஏற வேண்டும். ரெண்டு கட்டையில் ஆரம்பித்தால் எங்கள் சபை சௌக்கியமாகப் பாடி முடிக்கும். மூன்றில் சமாளிக்கும். நாலில் ஆரம்பித்தால் சரணம் வரும்போது பெண்கள் கீச்சிடுவார்கள். ஆண்கள் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தொலைந்துபோன மாதிரி குனிந்து தேடுவார்கள்.

நான் எத்தனை கட்டையில் ஆரம்பிப்பேன் என்பது அன்று காலை என்ன சாப்பிட்டேன் என்பதைப் பொறுத்தது. வெறும் காபி என்றால் இரண்டு. ஆப்பமும் பாயாவும் என்றால் நிச்சயம் நாலு.

"இன்னிக்கு எத்தனாவது மாடிப்பா?" என்று ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்பார்கள்.

"மூணாவது மாடி. மொட்டை மாடி பண்டிகைக்குத்தான்" என்பேன்.

எனக்கு வெட்கமே கிடையாது. நம் சங்கீதத்தில் 'ஸ' என்பது நாற்காலி மாதிரி, எங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலும் அது நாற்காலிதான் என்பது என் கட்சி. இடம் மாறினால் பாட்டு மாறிவிடுமா? பழைய ஆர்மோனியக்காரரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுகிற மாதிரி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தொட்டு வருவார். சில வாரம் அவர் கண்டுபிடிக்கும்போது பாட்டே முடிந்திருக்கும். ஆமென் மட்டும் இருவரும் சேர்ந்து சொல்வோம்.

அவருக்கு விரல் மூட்டுகள் பிடித்துக்கொண்டு அவர் விலகின சமயத்தில்தான் எங்கள் எதிர்வீட்டு அவுட்ஹவுசுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அண்ணன், அண்ணி, கல்யாணம் ஆகாத தங்கை. ரங்கூன் தமிழர்கள். யுத்தத்தின்போது நடந்தே வந்தவர்கள். அந்த நடையைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தங்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். ரங்கூனில் பள்ளிக்கூடம் சேர்ந்த வயதிலேயே ஆர்மோனியத்தில் கை வைத்தவள். வீட்டில் தமிழ்தான் என்றாலும் தெருவெல்லாம், சிநேகிதமெல்லாம் பர்மா பாஷை. "இன்னிக்கும் தூக்கத்துல உளர்றதெல்லாம் அந்த பாஷைதான்" என்று அவள் அண்ணி என் அம்மாவிடம் சொன்னாளாம்.

முதல் ஞாயிறு அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டாள். அடுத்த ஞாயிறு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து வாயைத் திறந்தேன். முதல் சொல் முடிவதற்குள் ஆர்மோனியம் என் குரலுக்கு அடியில் வந்து நின்றது. தடவலும் இல்லை, தேடலும் இல்லை. நான் அதிர்ந்துபோய் இரண்டாம் அடியை மறந்துவிட்டேன். ஆவியானவர் என்மேல் இறங்கிவிட்டதாக இரண்டு மூன்று பேர் நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் அவளே வந்து பேசினாள்.

"போன வாரம் பாடினதும் இதே பாட்டுதானே?"

"அதேதாங்க. ஏன்?"

"போன வாரம் ரெண்டரை. இன்னிக்கு மூணே முக்கால். வேற பாட்டோன்னு நெனச்சுட்டேன்."

"மூணே முக்காலா? ஆர்மோனியத்துல அப்படி ஒரு கட்டையே கிடையாதேங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் சிரித்துச் சமாளித்தேன். "எந்தக் கட்டையா இருந்தா என்னங்க, பாட்டு அதே பாட்டுதானே?"

பச்சைப் புடவையையும் சிவப்புப் புடவையையும் காட்டி 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. இந்த ஆளுக்குக் கண் எப்போது போயிற்று என்ற பரிதாபத்தோடு.

கோயிலிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே வழி. அண்ணனும் அண்ணியும் பத்தடி முன்னால் நடப்பார்கள். என் அம்மா பத்தடி பின்னால், வேண்டுமென்றே மெதுவாக, நடப்பாள். நடுவில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். ஒருநாள் அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"எங்க ரங்கூன்ல 'ஸ'ன்னு நறுக்குனு சொன்னா, ஆரம்பின்னு அர்த்தம். கீழேயே வச்சு 'ஸா'ன்னு இழுத்தா கடுதாசி. மேல எடுத்து 'ஸா'ன்னா சாப்பிடு. சின்னக் குழந்தைகூட மாத்திச் சொல்லாது. நீங்க வாரத்துக்கு ஒரு இடத்துல ஸ வெக்கிறீங்க. ஒரு வாரம் கடுதாசி போடறீங்க, ஒரு வாரம் சாப்பாடு போடறீங்க."

"எனக்கு என்னிக்குமே சாப்பாடுதாங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எத்தனை கட்டை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் சைக்கிளில் ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்து, வீட்டையும் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா அன்று மாலையே கேட்டாள். "அந்தப் பொண்ணை நான் போய்க் கேக்கட்டுமா?"

"நீ சும்மா இரும்மா."

"முப்பத்திரண்டு வருஷமா சும்மாதான்டா இருக்கேன்."

எனக்குப் பயம். அவள் என்னைக் காண்பது வாரத்தில் ஒருநாள். அந்த ஒருநாளும் நான் அவள் காதைக் குத்துகிறேன். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் தலைவலி என்று படுத்துவிடுகிறாள் என்று அவள் அண்ணி சொல்லியிருந்தாள். அந்தச் சமயத்தில் அண்ணனுக்கு மெட்ராசுக்கு மாற்றல் வந்தது. வருஷம் பிறந்ததும் போக வேண்டும். தங்கையும் எழுதிக் கொடுத்தால் மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் இங்கேயே ஆபரேட்டர்கள் தங்கும் விடுதியில் இருக்கலாம். கிறிஸ்துமசுக்குள் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தாள். ஆகவே எனக்குக் கிடைத்தது ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை. ஆறு தலைவலி என்றும் சொல்லலாம்.

என் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. அது வேலை செய்யும் சமயங்களில் என் அம்மா ஜெபம் செய்வது வழக்கம்.

கல்கத்தாவுக்கு ஆபீஸ் வேலையாகப் போன ஒரு நண்பர் மூலமாக ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் ஒன்று வரவழைத்தேன். அபாரமான ஏற்பாடு. ஒரு குமிழைத் திருப்பினால் கட்டை வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகரும். வாசிக்கிறவர் விரலை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து வாசிக்கலாம். சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போய்விடும். நான் எந்த மாடியில் போய் நின்றாலும் அவள் கீழ் வீட்டிலேயே சௌகரியமாக உட்கார்ந்து வாசிக்கலாம். இதைவிட ஒரு ஆண்பிள்ளை ஒரு பெண்ணுக்கு என்ன செய்ய முடியும்? அப்பா நினைவாகக் கோயிலுக்குக் காணிக்கை என்று கமிட்டியிடம் சொன்னேன். எல்லாரும் நெகிழ்ந்து போனார்கள்.

அம்மா மட்டும் நெகிழவில்லை. "உங்கப்பாவுக்கு ஆர்மோனியத்தைக் கண்டாலே ஆகாதேடா. குறுக்கே குறுக்கே வந்து கலாட்டா பண்ணுதுன்னு திட்டுவாரே."

கிறிஸ்துமசுக்கு நாலு வாரம் முன்னால் பாஸ்டர் ஐயா ஜெபம் செய்து அந்தப் பெட்டியைப் பிரதிஷ்டை செய்தார். ஆராதனைக்கு முன்பே அவளுக்குக் குமிழைக் காட்டி விளக்கியிருந்தேன். அவள் அதைத் திருப்பி ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தாள். முகம் சட்டென்று மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கமிட்டி ஆட்கள் நாலு பேர் பூமாலையோடு நின்றதால் சொல்லவில்லை. நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை சந்தோஷத்தில் நான் ஆப்பம் பாயா சாப்பிட்டிருந்தேன்.

எழுந்தேன், ஆரம்பித்தேன். அவள் குமிழைத் திருப்பினாள், வாசித்தாள். ஒரு அடி போயிற்று. இரண்டாம் அடியில் தப்பான கட்டை ஒன்று ஒலித்தது. அதுவரை அவள் கையில் தப்பே வந்ததில்லை. மூன்றாம் அடியில் இரண்டு தப்பு. பிறகு ஆர்மோனியம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சபை நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் தனியாக நின்றது. சரணத்தில் பெண்கள் கீச்சிட்டார்கள், ஆண்கள் புத்தகத்துக்குள் குனிந்தார்கள். கடைசியில் நானும் எங்கள் கோயில் வௌவாலும் மட்டுமே பாடிக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து, சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை எங்கள் கேட்டருகே அவளைப் பார்த்தேன். பெரிய பேச்சு பேச ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "தலைவலி எப்படி இருக்குங்க?"

"அது என்னங்க மிஷின்?" என்றாள். "ஒரு கட்டையை அமுக்கினா பக்கத்துக் கட்டை கத்துது. அம்மான்னு கூப்பிட்டா அத்தை திரும்பிப் பாக்கற மாதிரி. கை ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"சுத்தமாத் தெரியலைங்க. எனக்கு நல்லாத்தான் இருந்தது."

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு. அதான் பேஜாரு. தப்பா நெனைக்காதீங்க. நல்ல மனசோடதான் வாங்கினீங்க, தெரியுது. நான் மெட்ராசுக்கே எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

அவள் போனபிறகு சைக்கிளைப் பிடித்தபடியே நின்றேன். ஒரே மண்டபம், ஒரே பெட்டி, ஒரே சத்தம். எனக்கு அது பாட்டு, அவளுக்கு அது எழுத்தெல்லாம் இடம் மாறிப்போன கடிதம். என் தமிழில் நான் 'சாப்பிடு' என்பதை உச்சாணியில் கத்தினாலும் கிணற்றுக்குள் இருந்து முனகினாலும் சோறு வரும். அவள் பாஷையில் ஒரு சொல் நிற்கிற உயரமே அந்தச் சொல்லின் பாதி உயிர். குழந்தையிலிருந்து அந்த உயரங்களைக் கணக்கில் வைத்து வளர்ந்த காது அது. நான் என் காதுக்கு ஒரு மருந்து வாங்கி அவள் காதில் ஊற்றியிருக்கிறேன். இத்தனை வருஷம் நகைச்சுவை பேசித் திரிந்த எனக்கு அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்கேல் சேஞ்சரை மூடிவிட்டு அவள் பழைய பெட்டியில் வாசித்தாள். போவதற்குள் செய்யவேண்டிய கடமையைச் செய்கிற முகம்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கிறிஸ்துமஸ் காலையிலாவது சரியாக ரெண்டு கட்டையில் ஆரம்பிக்க வேண்டும். ஒரே ஒருமுறை அவள் காதுக்கு வலிக்காமல் பாடிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவள் மெட்ராசுக்குப் போனாலும் போகட்டும். (போகக்கூடாது என்றுதான் ஜெபம். ஆனால் ஜெபத்தில் கொஞ்சம் பெருந்தன்மை காட்டினால் பலிக்கும் என்று ஒரு நப்பாசை.)

பழைய ஆர்மோனியக்காரரிடம் அவர் சொந்தப் பெட்டியை இரவல் கேட்டு எங்கள் வராந்தாவில் வைத்தேன். ரெண்டாம் கட்டையை அமுக்குவேன், அதை மனதில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஒரு சுற்று போவேன், திரும்பி வந்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் ஓடிவிடும். முதல் முனையில் ரொட்டிக்காரர் கூவினார். என் ரெண்டு கட்டை அவர் கூடையில் ஏறிக்கொண்டது. மறுபடி வீட்டுக்கு வந்து ஆரம்பித்தேன். இரண்டாம் முனையில் தெரிந்த கன்னடக்காரர் ஒருவர் நிறுத்தினார். நான் வாயைத் திறக்க முடியாமல் 'ம்ம்ம்' என்று தலையாட்டினேன்.

"ஏன் ஸ்வாமி, ஹல்லு நோவா?" என்று என் தாடையைப் பார்த்து இரக்கப்பட்டார். பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொல்லி, எந்தப் பல் என்றும் கேட்டு, ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்தார். வீட்டுக்கு வந்து கட்டையை அமுக்கிப் பார்த்தால் நான் மூன்றரையைத் தாண்டியிருந்தேன். மூன்றரையும் ஆர்மோனியத்தில் கிடையாது.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், நான் வராந்தாவில் முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவளே தெருவைத் தாண்டி வந்தாள். எக்ஸ்சேஞ்சில் அன்று அவளுக்குக் காலை டியூட்டி.

"மூணு நாளா என்னங்க பண்றீங்க? எங்க அண்ணி உங்களுக்கு வயித்து வலின்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டேன். ரெண்டு கட்டையைத் தலைக்குள் போட்டு வைக்கப் பார்க்கிறேன், தலையில் ஓட்டை இருக்கிறது என்றேன். அவள் கேலி செய்யவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ரெண்டு கட்டை இருக்கே. தெனமும் நான் கேக்கறேனே."

"எனக்கா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் பக்கத்துல சைக்கிளைச் சாய்ச்சுட்டு, 'அம்மா... கதவு!'ன்னு கூப்பிடறீங்களே. அந்த 'மா' ரெண்டுல நிக்குது. 'கதவு' கீழ எறங்கிடுது. குடிவந்த நாள்லேர்ந்து கேக்கறேன். மழை பேஞ்சாலும் ரெண்டு, சளி புடிச்சாலும் ரெண்டு. ஆபீஸ்லேர்ந்து வந்த நாள்ல மொதல்ல காதுக்குச் சொகமா கேக்கறது அதான்."

எனக்கு முதல் முதலாகக் காது சூடாயிற்று. அது இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"காலைல கீரைக் கூடையோட வர்ற சொப்பு அம்மா இருக்காங்களே, அவங்க நாலரை" என்றாள். "'சொப்பூ'ன்னு இழுக்கறது ஒரு நூல் மாறாது. ரொட்டிக்காரர் ஆறு. ரங்கூன்ல எங்க தெருவுல மொய்ங்கா சேமியா விக்கிற அம்மா கொரலை இப்பக் கேட்டாலும் நான் வாசிச்சுக் காட்டுவேன். எங்களுக்கு எல்லா வார்த்தைக்கும் எடம் இருக்கு. உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைக்கு இருக்கு. பாடணும்னு நெனச்சாத்தான் நீங்க தொலைஞ்சு போறீங்க. நம்பலைன்னா போய்க் கூப்பிடுங்க."

போனேன். கேட்டருகே சைக்கிளைச் சாய்த்தேன். "அம்மா... கதவு!" அவள் வராந்தாவில் ரெண்டாம் கட்டையை அமுக்கினாள். என் காதுக்கே தெரிந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது.

அம்மா உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "தெறந்துதானேடா இருக்கு!"

தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டேன். ரெண்டு. மறுபடி. ரெண்டு.

"எம் புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அம்மா அவளிடமே முறையிட்டாள். "ஒரு நாலு நாள் இப்படித்தான் இருக்கும் அத்தை" என்றாள் அவள். அவள் என் அம்மாவை அத்தை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா கவனித்தாள். நான் கவனிக்காத மாதிரி சைக்கிள் மணியைத் துடைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து 'அம்மா கதவு' என்று பாடிப் பார்த்தால் அது எங்கெங்கோ போயிற்று. நிஜமாகவே கூப்பிட்டால்தான் நின்றது. கையில் சைக்கிள் சீட்டு இருக்க வேண்டும், வயிறு பசிக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலை எட்டு மணி ஆராதனை. தங்கவயலில் இருந்து சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் பக்கவாட்டில் நாற்காலி. நான் காபிகூடக் குடிக்கவில்லை. பாஸ்டர் ஐயா எண்ணைச் சொன்னார். அத்தனை கூட்டமும் அமைதியாயிற்று. நான் எழுந்து, முன் பெஞ்சின் முதுகைச் சைக்கிள் சீட்டு மாதிரி பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். எங்கள் கேட்டு, மூடின கதவு, உள்ளேயிருந்து வரும் குழம்பு வாசனை. மனதுக்குள் கூப்பிட்டேன்.

மனதுக்குள் என்றுதான் நினைத்தேன். எங்கள் குடும்பத்துத் தொண்டைக்கு மனதுக்குள் என்ற இடம் தெரியாது.

"அம்மா... கதவு!"

கோயில் முழுவதும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா, இத்தனை வருஷப் பழக்கத்தில், எழுந்து நின்று, "தோ வந்துட்டேன்டா!" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் போதாது. தங்கவயல்காரர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஸ்டர் ஐயா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், அவர் அங்கி குலுங்கியது. நான் உட்கார்ந்துவிடலாமா, கீழே ஏதாவது விழுந்த மாதிரி தேடலாமா என்று பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் பழைய ஆர்மோனியத்திலிருந்து மெதுவாக, நிறுத்தாமல், ஒரு கட்டை ஒலித்துக்கொண்டிருந்தது. ரெண்டு. நான் கூப்பிட்ட இடம். அவள் அதை எனக்காகப் பிடித்து வைத்திருந்தாள்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பல்லவியை ஆரம்பித்தேன்.

சிரித்த வாயெல்லாம் பாட ஆரம்பித்தது. அனுபல்லவி, சரணம், அடுத்த சரணம் எல்லாம் போயிற்று. ஒருவர்கூடப் புத்தகத்துக்குள் குனியவில்லை. எங்கள் சபை ஆண்கள் சரணத்தை இப்படி வாய்விட்டுப் பாடி நான் கேட்டது அன்றுதான். நன்றாகவே பாடினார்கள். பத்து வருஷமாக அவர்களுக்குப் பாட வராது என்று நினைத்திருந்தேன்.

அன்றைய பிரசங்கத்தில் கதவு என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளப் பாஸ்டர் ஐயா மிகவும் சிரமப்பட்டார்.

வாசலில் வழக்கமான கேள்வி வந்தது. "இன்னிக்கு எத்தனாவது மாடிப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் சொன்னாள். "இன்னிக்குக் கீழ் வீடு. சரியா ரெண்டு."

கூட்டம் கொஞ்சம் விலகியதும் கேட்டேன். "மெட்ராசுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"தலைவலி வரல" என்றாள். கேக் துண்டு இருந்த காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். "அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன கேக்கும்னு தெரியல."

என் அம்மா அதுவரை பொறுத்ததே பெரிய காரியம். நடுவில் வந்து நின்று, "இப்பவாவது நான் கேக்கலாமாடா?" என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் அண்ணனைத் தேடிக்கொண்டு போனாள்.

அதெல்லாம் ஆகிப் பதினைந்து வருஷம் இருக்கும். ஸ்கேல் சேஞ்சரைத் தங்கவயல் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே அதற்கு நல்ல பெயர். அங்கே எடுத்துக் கொடுப்பவர் எந்த மாடிக்கும் போகலாம், வாசிக்கிற மனிதருக்கும் என்னைப் போன்ற காது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் நான் எழுந்ததும் சபை ஒரு கணம் அமைதியாக இருந்து, நான் உதட்டை மட்டும் அசைக்கிறேனா என்று பார்க்கும். இப்போது உதட்டோடு நிறுத்தப் பழகிவிட்டேன். 'அம்மா கதவு' தவிர வேறு எதையும் நான் வீட்டில் பாடக்கூடாது என்பது கல்யாணத்தின்போதே போட்ட ஒப்பந்தம்.

எங்களுக்குப் பிறந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி பர்மா பாஷையில்தான் கொஞ்சினாள். எனக்கு ஒன்றும் புரியாது. மூன்று 'ஸ'வும் எனக்கு இன்னும் சாப்பாடாகத்தான் கேட்கிறது. மகளுக்கு மூன்றும் மூன்றாகவே கேட்கிறது. தெருவில் சொப்பு அம்மாவிடம் கன்னடம், ரொட்டிக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ், எனக்குத் தெரியாமல் அம்மாவிடம் ஏதாவது சொல்ல பர்மா என்று வைத்திருக்கிறாள்.

போன வாரம் ஆபீசில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. வழியெல்லாம் அவரைப் பற்றி ஒரு ஜோக் தயார் செய்துகொண்டே வந்தேன். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டருகே சைக்கிளைச் சாய்த்து, எப்போதும்போலத்தான் கூப்பிட்டேன்.

"அம்மா... கதவு!"

அம்மாவுக்கு இப்போது காது மந்தம். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஆபீஸ்ல என்ன ஆச்சு? கால் கட்டை எறங்கியிருக்கே."

"கால் இல்லம்மா, அரை" என்றது இன்னொரு குரல்.

கதவு திறந்தது.